எஞ்சின் எங்கே, டிக்கி எங்கே? பட்டறை அலமாரிக் கார்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தப்பாவின் டிங்கரிங் பட்டறையில், பில் போடும் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் பதினோரு மாடல் கார்கள். எல்லாம் 1:18 அளவு, ஆளுக்கு ஒரு சாண் நீளம். நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. வண்டியைப் பெயின்டுக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேள்விகளோ வருஷக்கணக்காக ஏறக்குறைய அவையேதான். ஒரே பதிலைத் தினம் இரண்டு தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அலமாரியின் நாயகர்கள் இத்தாலியின் லம்போர்கினி கம்பெனி செய்த மியூராவும் கவுன்டாச்சும் என்பதால் பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் சாயும்.

ஸ்போர்ட்ஸ் கார், சூப்பர் கார், எக்ஸாட்டிக் கார்னு மாத்தி மாத்திச் சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஓட்டுகிற சுகத்துக்காகவே செய்த சின்ன வண்டிகளைப் பொதுவாக ஸ்போர்ட்ஸ் கார் என்பார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 அதற்கு நல்ல உதாரணம். அதன் விலை சாமானியத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். சூப்பர் கார் என்ற சொல் 1966-ல் வந்த லம்போர்கினி மியூராவுக்குப் பிறகுதான் நன்றாக ஒட்டிக்கொண்டது. எக்ஸாட்டிக் என்றால் அபூர்வம். எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் இத்தாலி, தெருவில் வந்தால் டீக்கடைப் பேச்சு நின்றுவிடும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுக்க இன்னொரு ஆள் பின்னால் நின்று "வா, வா" என்று சொல்ல வேண்டியிருந்தால் அது எக்ஸாட்டிக்.

லம்போர்கினி டிராக்டர் கம்பெனியாமே? நிஜமாவா?

நிஜம்தான். ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்து பணக்காரர் ஆனவர். வீட்டில் ஃபெராரி வைத்திருந்தார். அதன் கிளட்ச் அடிக்கடி தொந்தரவு கொடுக்க, என்ஸோ ஃபெராரியிடமே போய்ச் சொன்னதாகவும், "உனக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும்" என்கிற தோரணையில் பதில் வந்ததாகவும் ஃபெருச்சியோ சொல்லிவந்தார். என்ஸோ தரப்பின் கதை வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் 1963-ல் சாந்த்'அகாத்தா போலொன்யேசே என்ற ஊரில் கார் ஃபேக்டரி எழும்பியது உண்மை. ஃபெராரி இருக்கும் மாரனெல்லோவிலிருந்து அது பக்கம்தான்.

காளைச் சின்னத்துக்கும் பெரிய ரகசியம் இல்லை. அவர் பிறந்தது ஏப்ரல் 28, ரிஷப ராசி. மியூரா என்பது ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்க்கும் குடும்பத்தின் பெயர். அதிலிருந்துதான் காளைப் பெயர்கள் வரிசையாக வந்தன.

எஞ்சின் பின்னாடி இருக்கே, அப்போ டிக்கி முன்னாடியா? ஏன் இப்படித் தலைகீழா வைக்கணும்?

ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். குச்சி உங்களைச் சுற்றிவிடும். அதே இரண்டு குடத்தையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் சுலபம். காரில் பெரிய கனம் எஞ்சின்தான். அதை ஓட்டுநருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வைத்தால் வண்டி வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ரேஸ் கார்களில் இது முன்பே வந்துவிட்டது. ரோட்டில் ஓடும் பெரிய வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர் வண்டிக்கு அதைக் கொண்டுவந்தது மியூரா.

அதைச் செய்தவர்கள் இளைஞர்கள். ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்ஸானி என்ற இரண்டு எஞ்சினியர்கள், பாப் வாலஸ் என்ற நியூசிலாந்து டெஸ்ட் டிரைவர். மூவரும் இருபதுகளில் இருந்தார்கள். 3.9 லிட்டர் வி12 எஞ்சினை நீளவாக்கில் வைத்தால் வண்டி ரயில்பெட்டி மாதிரி நீண்டுவிடும் என்று அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். இடம் மிச்சப்படுத்த, இங்கிலாந்தின் குட்டி மினி காரில் செய்தது போல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியரில் தேயும் இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போகுமே என்று எந்த மெக்கானிக்கும் கேட்பார். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள் போல, கடைசிக்கால எஸ்வி மாடல்களில் ஆயிலைப் பிரித்துவிட்டார்கள்.

டிக்கியைக் கேட்டீர்கள் அல்லவா? மியூராவில் அதுவும் பின்னால்தான், எஞ்சினுக்கும் பின்னே. சூட்கேஸ் வைக்கலாம். சூடாக இருக்கும்.

இந்த மியூராவை வரைஞ்சது யார்?

மார்செல்லோ காந்தினி. 1965 நவம்பர் டூரின் கண்காட்சியில் லம்போர்கினி காட்டியது வெறும் சேஸி, அதாவது உடம்பு கட்டாத அடிச்சட்டம், அதுவும் எடை குறைக்க எங்கே பார்த்தாலும் துளை போட்ட சேஸி. பெர்தோனே என்ற பாடி கட்டும் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 1966 மார்ச் ஜெனீவா கண்காட்சியில் முழுக் கார் நின்றது. நாலு மாதம். வரைந்தவருக்கு வயது 27.

இதில் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. காந்தினி வருவதற்குச் சற்று முன்புதான் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ பெர்தோனேயை விட்டுப் போயிருந்தார். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களில் மியூராவின் சாயல் இருந்ததா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். லம்போர்கினியும் பெர்தோனேயும் காந்தினி பெயரைத்தான் சொல்கின்றன, நானும் அதோடு விட்டுவிடுகிறேன். எனக்கு வியப்பு வேறு இடத்தில். காந்தினி, ஜுஜாரோ, ஃபெராரி டேட்டோனாவுக்கு உருவம் கொடுத்த லியோனார்டோ ஃபியோரவாந்தி, மூவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1938.

மியூரா ஹெட்லைட்டுக்கு ஏன் கண் இமை மாதிரி முடி?

விளக்கு அணைந்திருக்கும்போது அது மல்லாந்து வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். போட்டால் எழுந்து நிற்கும். படுத்திருக்கும்போது வட்ட விளக்கு தனியாகத் தெரியாமல் பானெட்டோடு சேர வேண்டும். மேலும் கீழும் கறுப்புக் கம்பிகள் வைத்து அதைச் சமாளித்தார்கள். பொட்டு வைத்த மாதிரி முகம் வந்துவிட்டது. 1971-ல் வந்த எஸ்வி மாடலில் இமையை எடுத்துவிட்டார்கள். வேகத்தில் எஸ்வி கெட்டி, ஆனால் என் அலமாரியில் இருப்பது இமை வைத்ததுதான்.

கவுன்டாச்சா, கௌண்டாக்கா, கூன்டாஷா? எப்படிச் சொல்றது, அர்த்தம் என்ன?

டூரின் பக்கத்து பியெமொந்தே பேச்சில் "கூன்டாச்" என்பதற்குக் கிட்டத்தில் வரும். நம் ஊரில் கவுன்டாச் என்றே நிலைத்துவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். காளைப் பெயர் இல்லாத லம்போர்கினி இது. காந்தினி சொன்ன கதைப்படி, மாதிரிக் காருக்குப் பூட்டு வேலை செய்ய வந்தவர் ஒரு ராட்சத ஆள், பேசுவது பியெமொந்தே மட்டும். எதைப் பார்த்து அசந்தாலும் அவர் வாயில் வருவது "கவுன்டாச்!" இதையே பெயராக வைத்தால் என்ன என்று விளையாட்டாகப் பேச்சு கிளம்பியது. மேலே சொன்ன பாப் வாலஸிடம், வெளிநாட்டுக்காரர் காதில் இது எப்படி விழுகிறது என்று கேட்டார்களாம். நன்றாக இருக்கிறது என்றார், முடிந்தது.

சொல்லின் வேர் தொற்றுநோய், கொள்ளைநோய் என்கிற பொருளில் இருக்கிறது. நோயை வைத்தா அழகைச் சொல்வார்கள் என்று ஒருவர் கேட்டார். நாம் "கொள்ளை அழகு" என்கிறோமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு மேல்பக்கமா திறக்கிறது சும்மா பந்தாவுக்குத்தானே?

பந்தாவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று வகை மேல்கதவுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் தனித்தனி. 1954-ன் மெர்சிடிஸ் 300 எஸ்எல்லில் கதவு கூரையிலிருந்து பறவைச் சிறகு போல விரியும். அதன் சேஸி மெல்லிய குழாய்களால் பின்னிய கூடு. பலம் வேண்டும் என்று பக்கவாட்டுக் குழாய்களை உயரமாக எடுத்துவிட்டார்கள், சாதாரணக் கதவுக்கு இடமே இல்லை. அதனால் கூரையை வெட்டினார்கள். மெக்லாரன் எஃப்1-ல் கதவு முன்னாலும் வெளியிலுமாக வண்ணத்துப்பூச்சி போல எழும்.

கவுன்டாச் கதவு முன்முனையில் ஒரே கீலில் நேராக மேலே போகும், கத்தரிக்கோல் மாதிரி. காந்தினி இதை முதலில் வைத்தது 1968-ல் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற காட்சிக் காரில். கவுன்டாச்சின் பக்கவாட்டுச் சட்டம் அகலம், கதவும் நீளம். நம் வண்டி போலப் பக்கவாட்டில் திறக்கும்படி வைத்திருந்தால் பக்கத்துக் காரை இடிக்காமல் இறங்க முடியாது. இன்னொரு காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

இதுல பின்னாடி ஒண்ணுமே தெரியாதே. ரிவர்ஸ் எப்படி எடுப்பாங்க?

கதவைத் தூக்கிவிட்டு, பக்கவாட்டுச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டி, ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு எடுப்பார்கள். ஜோக் இல்லை. படங்கள் இருக்கின்றன. கத்தரிக்கோல் கதவு இருப்பதால்தான் அப்படி உட்காரவே முடிகிறது.

1974-ல் விற்பனைக்கு வந்த முதல் மாடலான எல்பி400-ன் கூரையைத் தடவிப் பாருங்கள், நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பது போன்ற பெரிஸ்கோப் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்கலாம் என்று யோசித்ததன் மிச்சம் அது. யோசனை பெரிதாக எடுபடவில்லை, பிறகு வந்த மாடல்களில் கூரை சமமாகிவிட்டது. பள்ளம் உள்ள வண்டிகள் சுமார் 150-தான். இன்று சேகரிப்பாளர்கள் துரத்துவது அந்தப் பள்ளத்தைத்தான்.

இவ்வளவு கூர்மையா இருக்கே, காத்தைக் கத்தி மாதிரி கிழிச்சுக்கிட்டுப் போகுமோ?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். கவுன்டாச் காற்றில் அப்படி ஒன்றும் வழுக்கிக்கொண்டு போகாது. காற்றெதிர்ப்பு எண் என்று ஒன்று உண்டு, குறைந்தால் நல்லது. கவுன்டாச்சுக்கு அது 0.42 வாக்கில் சொல்லப்படுகிறது. 1982-ல் வந்த ஆடி 100, அதாவது குடும்பத்தோடு போகும் நாலு கதவு செடான், 0.30. கோயிலுக்குப் போகிற மாமாவின் வண்டி காற்றுக்கு இதமாக இருக்கிறது, ராக்கெட் மாதிரி இருப்பது காற்றோடு மல்லுக்கட்டுகிறது.

காரணம், காற்றுக்கு மூக்கைவிட வால் முக்கியம். விழும் மழைத்துளியை முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் கூர்மையாகவும் நாம் வரைகிறோம். காற்றுக்குப் பிடித்தது அந்த வடிவம்தான்: முன்னால் மழுங்கல், பின்னால் மெல்லச் சரிந்து முடியும் வால். கவுன்டாச்சின் பின்புறம் சட்டென்று வெட்டிய சுவர். அகலமான டயர்கள், வாய் திறந்த காற்றுத்துளைகள், எல்லாம் காற்றைக் கலக்கும். ஆனாலும் வேகம் போனதற்குக் காரணம் இரண்டு. பலமான வி12, பிறகு உயரம் வெறும் 107 சென்டிமீட்டர். எதிர்காற்றில் நிற்கும் பரப்பே குறைவு.

இழுவை மட்டும் இல்லை, தூக்கலும் ஒரு தொல்லை. மியூரா அதிவேகத்தில் மூக்கைத் தூக்கும். பெட்ரோல் டேங்க் முன்னால் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர மூக்கு இன்னும் லேசாகும். காந்தினி காலத்துக் கோடுகள் கண்ணுக்காகப் போட்டவை. காற்றுச்சுரங்கம், அதாவது காற்றை வீசவிட்டு வண்டியைச் சோதிக்கும் கூடம், கோடு போட ஆரம்பித்தது பிறகுதான்.

அப்போ அந்தப் பெரிய பின் றெக்கை? அதுவும் சும்மாவா?

கவுன்டாச்சில் றெக்கை கூடுதல் காசு கொடுத்து வாங்கும் சாமான். மாட்டினால் உச்ச வேகம் குறையும். முந்தின பதிலில் மூக்குத் தூக்கலைச் சொன்னேன் அல்லவா, வாலை அழுத்தினால் அது இன்னும் கூடும் என்ற குறையும் உண்டு. இருந்தும் வாங்கினார்கள். 1980-களில் சுவரில் ஒட்டிய போஸ்டரில் றெக்கை இல்லாத கவுன்டாச்சைத் தேடிப் பார்க்க வேண்டும்.

றெக்கையும் சக்கரத்தின் மேல் புடைத்த வளைவும் பரவியது வால்டர் வுல்ஃப் என்ற கனடா எண்ணெய்ச் செல்வந்தருக்காகத் தனியாகச் செய்த வண்டிகளிலிருந்து. பிறகு 1978-ல் எல்பி400எஸ், பின்னால் 345 மில்லிமீட்டர் அகல பைரெல்லி டயர். சுத்தமான கோட்டில் இருந்த வண்டி அதற்குப் பிறகு மல்லன் ஆகிவிட்டது. எனக்கு முந்தையதே பிடிக்கும்.

பக்கத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் நிஜமா, இல்ல ஒட்டினதா?

நிஜம், அதுவும் வேறு வழியில்லாமல் வந்த நிஜம். 1971 ஜெனீவா கண்காட்சியில் நின்ற கவுன்டாச்சின் முதல் மாதிரிக் காரை, மஞ்சள் நிற எல்பி500-ஐப் பாருங்கள். பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி சின்னக் கீறல்கள் மட்டும், மற்றபடி மழமழ. அதை ரோட்டில் ஓட்டிச் சோதித்தால் எஞ்சின் சூடு தாங்கவில்லை. ஸ்டான்ஸானியும் வாலஸும் ஓட்டி, நிறுத்தி, வெட்டி, மறுபடி ஓட்டி, கடைசியில் கதவிலிருந்து பின்சக்கரம் வரை முக்கோணப் பள்ளம் வந்தது. தோளின் மேல் இரண்டு பெட்டிகள் முளைத்தன. அந்த முக்கோணப் பள்ளத்துக்கு நாகா டக்ட் என்று பெயர், 1940-களில் அமெரிக்க விமான ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வடிவம். வெளியே துருத்தாமல் காற்றை உள்ளே இழுக்கும்.

அந்த மஞ்சள் வண்டி கடைசியில் என்ன ஆயிற்று என்றால், 1974-ல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்கு அனுப்பி நொறுக்கிவிட்டார்கள். உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரே ஒரு வண்டி. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசவில்லை.

கையாலேயே அடிச்சுச் செஞ்சதுன்னு சொல்றாங்களே, நம்ம டிங்கரிங் மாதிரியா?

அதே தொழில்தான். இத்தாலியில் "பத்தி லாஸ்த்ரா" என்பார்கள், தகடு தட்டுபவர் என்று அர்த்தம். மரத்தில் முழு அளவு அச்சு செய்வார்கள். மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து அச்சின் மேல் பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தவில்லையா, மறுபடி மணல் மூட்டை. மோடெனாவில் செர்ஜோ ஸ்காலியெத்தியின் பட்டறை இப்படித்தான் ஃபெராரி 250 ஜிடிஓ-வுக்கு உடம்பு கட்டியது. மொத்தம் 36 வண்டிகள். இடது மட்கார்டும் வலது மட்கார்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. 2018 ஏலத்தில் அப்படி ஒரு வண்டி 4.84 கோடி டாலருக்குப் போனது.

ஒரு டிங்கர் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும். எங்கள் பட்டறையில் பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து முடித்ததும் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். பிறகு டியூப்லைட்டைப் போட்டு, அதன் நிழல் பானெட்டில் நெளியாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். மியூராவையும் கவுன்டாச்சையும் அவர் முன் வைத்து எதைச் செய்வது கஷ்டம் என்று கேட்டேன். வளைவும் நெளிவுமாக இருப்பதால் மியூரா என்பார் என்று நினைத்தேன். அவர் கவுன்டாச்சைக் காட்டினார். "வளைவு தப்பை மறைக்கும். தட்டையான தகட்டுல ஒரு தட்டு தப்பினாலும் அலை அடிக்கும்டா."

மேலே சொன்ன எல்பி500-ஐ லம்போர்கினியே பின்னாளில் ஒரு சேகரிப்பாளருக்காக அடியிலிருந்து திரும்பச் செய்து 2021-ல் காட்டியது. பழைய படங்களையும் காகிதங்களையும் வைத்து, தகட்டைக் கையால் தட்டி. 25,000 மணி நேரத்துக்கு மேல் ஆனதாம்.

ஃபெராரின்னா சிவப்புதான் இருக்கணுமா?

இல்லை. அந்தக் காலத்து ரேஸில் நாட்டுக்கு ஒரு நிறம்: இத்தாலி சிவப்பு, இங்கிலாந்து பச்சை, பிரான்ஸ் நீலம். அதுதான் ஒட்டிக்கொண்டது. ஃபெராரியின் சின்னத்தில் குதிரைக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் மோடெனா நகரத்தின் நிறம். வாங்குகிறவர் கேட்டால் நீலமும் அடிப்பார்கள்.

எஃப்40-க்குள்ள கார்பெட்கூட இல்லையாமே, இவ்வளவு காசு வாங்கிட்டு?

அதற்குத்தான் காசு. ஃபெராரியின் நாற்பதாம் ஆண்டுக்காக 1987-ல் வந்தது. என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளியிட்ட கடைசிப் புது மாடல், அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். 2.9 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கிலோமீட்டர். எடை குறைப்பதற்காக ரேடியோ இல்லை, கார்பெட் இல்லை, உள்ளே கதவுப் பிடிகூட இல்லை. ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் திறக்கும். ஏசி மட்டும் வைக்க முடிந்தது, இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் ஆளை அவித்துவிடும்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிவப்புப் பெயின்டுக்கு அடியில் பாய் பின்னிய மாதிரி ஒரு நெசவு தெரியும். கார்பனும் கெவ்லாரும் பின்னிய உடம்பு, அதன் மேல் பெயின்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஒரு வண்டியை இப்படி வெளியே அனுப்பினால் கஸ்டமர் சண்டைக்கு வருவார். அங்கே அந்த நெசவு தெரியாவிட்டால்தான் சந்தேகப்படுகிறார்கள், மறுபடி பெயின்ட் அடித்த வண்டியோ என்று.

கோடிக்கணக்குல விலை, ஆனா டெயில் லைட்டை வேற வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவாங்களாமே?

நிறைய. சில நூறு வண்டிக்காக விளக்குக்கு அச்சு எடுத்து, சட்டப்படி அனுமதி வாங்கினால் கட்டுப்படியாகாது. எனவே கடையில் கிடைப்பதை மாட்டுவார்கள். மியூராவின் ஹெட்லைட் ஃபியட் 850 ஸ்பைடருடையது. ஜாகுவார் எக்ஸ்ஜே220-ன் பின்விளக்கு ரோவர் 200-லிருந்து. 1999-ல் லம்போர்கினி டியாப்லோவுக்கு வந்த புது ஹெட்லைட் நிஸான் 300இசட்எக்ஸின் விளக்கு. மெக்லாரன் எஃப்1-ன் பின்விளக்கு ஒரு டச்சு பஸ்ஸின் விளக்கு.

இதைக் கேட்டுச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு மரியாதைதான் கூடுகிறது. பஸ் விளக்கை பஸ் விளக்கு என்று தெரியாமல் பொருத்துவதும் ஒரு வித்தை.

மெக்லாரன் எஃப்1-ல டிரைவர் ஏன் நடுவுல உட்கார்றார்? எஞ்சின்ல தங்கமாமே?

நடு எஞ்சின் வண்டியில் ஓட்டுநர் முன்னால் தள்ளி உட்கார வேண்டும். முன்சக்கரம் கால் வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். அதனால் பெடல்கள் நடுப்பக்கமாக ஒதுங்கும், உடம்பை முறுக்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த வடிவமைப்பாளர் கார்டன் மரே இதை ஒரேயடியாகத் தீர்த்தார். ஓட்டுநர் நடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் ஒவ்வொருவர். கால் நேராக நீளும், இரண்டு பக்கமும் ஒரே அளவு பார்வை. உடம்புக்கு உருவம் கொடுத்தவர் பீட்டர் ஸ்டீவன்ஸ்.

தங்கமும் உண்மை. எஞ்சின் அறையின் உள்சுவரில் தங்கத்தாள். வெப்பத்தைத் திருப்பி அனுப்ப அதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. 1992-ல் காட்டினார்கள், மொத்தம் செய்தது 106. 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் போனது, டர்போ எதுவும் இல்லாமல்.

மேல எழும்புற ஹெட்லைட் இப்ப ஏன் யாரும் வைக்கிறதில்ல?

மூக்கு தாழ்வாக வேண்டும், சட்டமோ விளக்கு இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்றது. அதற்குக் கண்ட வழி அது. விளக்கு சின்னதானதும் தேவை போய்விட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் காயம் குறைய வேண்டும் என்ற விதிகளும் துருத்தும் விளக்குக்கு எதிரி. 2004-ல் கார்வெட் சி5-ம் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும் முடிந்ததோடு சரி.

பழைய பேர்லயே புது கவுன்டாச் வந்துச்சே, அது அசல்தானா?

2021-ல் 112 வண்டி மட்டும் என்று சொல்லி லம்போர்கினி வெளியிட்டது. உயிரோடு இருந்த காந்தினி, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். ஒவ்வொரு புது வண்டியும் முந்தையதை உடைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதே தன் வாழ்நாள் வேலை, பழையதைத் திருப்பிச் செய்வது அதற்கு நேர் எதிர் என்பது அவர் வாதம். மியூராவுக்கு அடுத்து கவுன்டாச் வரைந்த கை அது. ஒன்று முழுக்க வளைவு, மற்றது முழுக்கக் கோடு, நடுவில் ஐந்தே வருஷம். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடுதான். 2024 மார்ச்சில் காந்தினி காலமானார்.

புது வண்டி அழகில்லையா என்றால், அழகுதான். பின்சக்கரத்தின் மேல் வளைவைச் சாய்வாக வெட்டுவது காந்தினியின் கையெழுத்து. பழைய கவுன்டாச், டியாப்லோ, மஸராட்டி ஷமால் எல்லாவற்றிலும் இருக்கும். புதியதிலும் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தை இன்னொருவர் போட்டால் என்ன சொல்வது என்பதை வங்கியில் வேலை பார்ப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

வாங்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. இதை ரசிச்சு என்ன பிரயோஜனம்?

இதை அதிகம் கேட்பவர்கள் டீ முடிந்தவர்கள். நான் அவர்களைப் பட்டறைக்குள் கூட்டிப்போவேன். ஒரு காலத்தில் நம் ஊரில் நிறைய ஓடிய டேவூ மாடிஸ் இன்னும் எப்போதாவது டென்ட் எடுக்க வரும். அதை வரைந்தது ஜுஜாரோவின் இத்தால்டிசைன். ஆமாம், நாலாவது கேள்வியில் பெர்தோனேயை விட்டுப் போனாரே, அவரேதான். மஸராட்டி போராவும் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும் செய்த அதே மனிதர் முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் செய்தார். காந்தினி சிட்ரோயன் பிஎக்ஸ் என்ற குடும்பக் காரை வரைந்தார். டாட்டா இண்டிகாவுக்கும் டூரின் டிசைன் நிறுவனம் ஒன்றின் கை பட்டிருக்கிறது. கவுன்டாச்சில் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்கப் பழகிய கண், மாடிஸின் குட்டிப் பக்கவாட்டில் ஓடும் கோட்டையும் பார்க்கும். எங்கள் தொழிலில் அதற்குக் கூலியே கிடைக்கிறது. அந்தக் கோடு தெரியாமல் பட்டி போட்டால் வண்டி முகம் மாறிவிடும்.

சரி, ஒண்ணு சும்மா தர்றாங்கன்னா எதை எடுப்பீங்க?

கூரையில் பள்ளம் உள்ள எல்பி400. றெக்கை இல்லாமல், சக்கரப் புடைப்பு இல்லாமல். சித்தப்பாவின் ஓட்டு மியூராவுக்கு, காரணம் மேலே சொன்னதுதான்: அடிபட்டால் அதைச் சரிசெய்துவிடலாம் என்கிறார்.

மாடல்களை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. கவுன்டாச்சின் இடது கதவை மட்டும் தூக்க வேண்டாம். நிறையப் பேர் தூக்கிப் பார்த்துக் கீல் போய்விட்டது, ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறேன். வலது கதவு நன்றாகத் திறக்கும்.